மின்சாரம் இல்லாமல் ஆயிரம் டன் தொட்டி மேலேறுமா?

ஏப்ரல் 6, மாலை (கேள்வி)

பெல்ஜியத்தில் லா லூவியேர் என்ற ஊருக்குப் பக்கத்தில் பழைய கால்வாய் ஒன்றில் நான்கு படகு லிஃப்ட்கள் இருக்கின்றனவாம். சரக்குப் படகை, அது மிதக்கும் நீரோடு சேர்த்து ஐந்து மாடி உயரத்துக்குத் தூக்குமாம். மோட்டார் கிடையாதாம், நீராவி கிடையாதாம். நான் இயற்பியல் படித்தவன். ஆற்றல் எதையும் செலவழிக்காமல் ஆயிரம் டன் மேலே போகாது. இது சுற்றுலாக்காரர்கள் கட்டிவிட்ட கதை என்கிறேன். நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் மறுக்கலாம்.

ஏப்ரல் 6, இரவு

பார்த்திருக்கிறேன். மறுக்கிறேன்.

உங்கள் இயற்பியல் சரிதான், தம்பி. கேள்வியில்தான் பாதியை விட்டுவிட்டீர்கள். ஒரு தொட்டி ஏறும்போது இன்னொரு தொட்டி இறங்குகிறது. ஒவ்வொரு லிஃப்டிலும் இரண்டு இரும்புத் தொட்டிகள் அக்கம்பக்கமாக இருக்கின்றன. ஒன்றின் நீளம் சுமார் 43 மீட்டர், அகலம் 5.8 மீட்டர். தொட்டியை நடுவில் தாங்குவது 2 மீட்டர் விட்டமுள்ள ஒற்றைப் பிஸ்டன். பிஸ்டன் தரைக்குள் புதைந்த சிலிண்டருக்குள் இறங்குகிறது. இரண்டு சிலிண்டர்களையும் அடியில் ஒரு குழாய் இணைக்கிறது, நடுவில் ஒரு வால்வு.

மேலே வந்த தொட்டியைக் கால்வாய் மட்டத்துக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் கீழே நிறுத்துவார்கள். கதவைத் திறந்தால் நீர் தானாக உள்ளே வந்து மட்டம் சமமாகும். அந்த 30 சென்டிமீட்டர் நீரின் எடையை நீங்களே பெருக்கிப் பாருங்கள்: 75 டன். கதவை மூடி வால்வைத் திறந்தால் கனத்த தொட்டி இறங்கும். அதன் பிஸ்டன் தள்ளிய நீர் அடுத்த சிலிண்டருக்குள் போய் மற்றதை ஏற்றும். காய்கறிக் கடைத் தராசுதான், தட்டுகள் மட்டும் கொஞ்சம் பெரியவை.

கதவு, வடம் இழுக்கும் பொறி ஆகியவற்றுக்கும் வெளியிலிருந்து ஆற்றல் வருவதில்லை. மேல்மட்டக் கால்வாயிலிருந்து விழும் நீர் டர்பைனைச் சுற்றுகிறது, டர்பைன் பம்பைச் சுற்றுகிறது, பம்பு அழுத்த நீரைச் சேமித்து வைக்கிறது. ஆக எரிபொருள் உண்டு. அது மேலிருந்து கீழே விழும் நீர்.

ஏப்ரல் 7, காலை

“படகு உள்ளே வந்துவிட்டால் எடை கூடுமே, தராசு சாயுமே?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. படகு தன் எடைக்குச் சமமான நீரைத் தொட்டியிலிருந்து கால்வாய்க்கு வெளியேற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைகிறது. முழுப் பாரம் ஏற்றிய படகு, காலிப் படகு, படகே இல்லாத வெறும் நீர் – மூன்றுக்கும் தொட்டியின் எடை ஒன்றே. ஆர்க்கிமிடீஸ். பள்ளியில் கிரீடத்துக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள், அது அவர் மேல் தவறில்லை.

ஏப்ரல் 7, இரவு

“நீர் என்ன, சும்மா கிடைப்பதுதானே” என்ற வரியைப் பார்த்தேன். அந்த இடத்தில் அது சும்மா கிடைப்பதில்லை. இந்த லிஃப்ட்கள் பிறந்ததற்கே அதுதான் காரணம்.

இந்தக் கால்வாய் மோன்ஸ் பக்கத்துக் கால்வாயையும் பிரஸ்ஸல்ஸ்–ஷார்லெருவா கால்வாயையும் இணைக்கிறது. அதாவது ஷெல்ட் ஆற்றுப் படுகையிலிருந்து மேடேறி மியூஸ் படுகையின் எல்லையைத் தொட வேண்டும். மொத்தம் சுமார் 21 கிலோமீட்டரில் 89.46 மீட்டர் ஏற்றம். முதல் 14 கிலோமீட்டரில் ஆறு லாக்குகளே போதும், அங்கே 23.26 மீட்டர்தான். கடைசி 7 கிலோமீட்டரில் 66.2 மீட்டர் ஏற வேண்டும். அதுவும் நீர்ப்பிரிமேட்டுக்குப் பக்கத்தில். மேட்டின் உச்சியில் பெரிய ஆறு எங்கிருந்து வரும்? சிற்றோடைகள்தான்.

லாக் தெரியாதவர்களுக்கு: முன்னும் பின்னும் கதவு வைத்த ஒரு கட்டுமானம். படகை உள்ளே விட்டு நீரை நிரப்பினால் படகு ஏறும், வடித்தால் இறங்கும். நிரப்பிய நீரெல்லாம் கீழே போய்விடும். 300 டன் படகு கொள்ளும் லாக் என்றால் 40 மீட்டர் நீளம், 5.2 மீட்டர் அகலம், 4 மீட்டர் ஏற்றம் என்று வையுங்கள். ஒரு தடவைக்கு 830 டன் நீர். அப்படிப் பதினாறு, பதினேழு லாக்குகள் அடுக்கினாலும் அதே 830 டன்தான் படிப்படியாக இறங்கும் என்று வாதிடலாம். உண்மைதான். ஆனால் உச்சிக் குளத்துக்கு, அதாவது கால்வாயின் மேல்மட்டப் பகுதிக்கு, அதுவே கட்டுப்படியாகாது. படகுக்காரருக்கோ அத்தனை கதவுகளிலும் காத்துக் கிடந்தால் அன்றைய பிழைப்பு போயிற்று.

லிஃப்ட் கேட்பது 75 டன். ஒரே அசைவில் ஒரு படகு ஏறலாம், எதிரே ஒரு படகு இறங்கலாம்.

ஏப்ரல் 9

தூக்கம் வராததால் இன்னொரு கணக்கு போட்டேன். அம்பத்தூரில் ஹைட்ராலிக் பிரஸ் பராமரிப்பில் காலம் தள்ளியவன் நான். சிலிண்டரைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

ஏன் 30 சென்டிமீட்டர்? தராசு என்றால் பத்து சென்டிமீட்டர் நீர் போதுமே, 25 டன் கூடினாலும் சாயத்தானே வேண்டும்?

சாயும், ஆனால் நடுவழியில் நின்றுவிடும். காரணம் சிலிண்டருக்குள் இருக்கிறது. இறங்கிய பிஸ்டனின் அடிப்பாகம் ஏறிய பிஸ்டனின் அடிப்பாகத்தைவிட 16.93 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஆழம் கூடினால் அழுத்தம் கூடும். பிஸ்டனின் குறுக்குப் பரப்பு 3.14 சதுர மீட்டர். 16.93 மீட்டர் உயர நீர்த் தூணை அதோடு பெருக்கினால் 53 டன். இறங்கிய தொட்டியை மேலே தள்ளும் விசை அந்த அளவுக்குக் கூடிவிடுகிறது. ஆகவே கீழே வந்து சேரும் தொட்டி மற்றதைவிட 53 டன்னாவது கனமாக இருந்தால்தான் தரை தொடும். பிஸ்டனைச் சுற்றி நீர் கசியாமல் அடைக்கும் கிளாண்டில் பேக்கிங் உராய்வு வேறு இருக்கிறது. 75 டன்னில் 53 போனால் மிச்சம் 22. உராய்வுக்கும் அசைவுக்கும் அதை வைத்துக்கொண்டுதான் வேலை நடக்கிறது.

இதன் மறுபக்கம் இன்னும் அழகு. புறப்படும்போது கனத்த தொட்டி மேலே இருக்கிறது, அப்போது அந்த 53 டன் அதற்குச் சாதகம். 75 உடன் 53 சேர்ந்து 128 டன் தள்ளுகிறது. பாதி தூரத்தில் 75. முடிவில் 22. வேகமாகக் கிளம்ப வேண்டியது, போகப் போகத் தானே தளர்ந்து நிற்கிறது. யாரும் பிரேக் வைக்கவில்லை. தொடக்கத்தில் வால்வை நிதானமாகத் திறக்கும் ஆள் ஒருவர் இருந்தால் போதும்.

ஏப்ரல் 10

“ஐயா, இதையெல்லாம் யோசித்துத்தான் கட்டியிருப்பார்களா, இல்லை தற்செயலா?”

யோசித்துத்தான். 1888இல் திறந்த இயந்திரம் அது. தற்செயலாக ஓடும் இயந்திரங்கள் பிறகுதான் வந்தன. நான் சிலவற்றைப் பராமரித்திருக்கிறேன்.

ஏப்ரல் 12

நான் அங்கே போன கதையைக் கேட்டிருக்கிறீர்கள். மகள் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறாள். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போனவனைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று சதுக்கம், தேவாலயம், சாக்லேட் கடை என்று இழுத்துப் போனார்கள். நான் கால்வாய் என்றேன். மருமகன் முகத்தில் ஈயாடவில்லை.

நல்ல மழை. படகு சிறியது, சுற்றுலாவுக்கென்று ஓட்டுவது. இரண்டு கரையிலும் மரங்கள், ஆங்காங்கே திருப்பிவிடும் பாலம், தூக்கிவிடும் பாலம், பாலம் காப்பவருக்கான சிறு வீடு. பெல்ஜியத்தின் நிலக்கரி நாடு இது என்று சொன்னால்தான் தெரியும். எங்கும் பச்சை.

படகு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்னால் கதவு இறங்கியது. அதற்கப்புறம் நான் எதிர்பார்த்தது ஒரு குலுக்கல், ஓர் உறுமல். ஒன்றுமில்லை. படகு அசையவில்லை, பக்கத்து இரும்புத் தூண்தான் மேலே போகத் தொடங்கியது. பேரன் “தாத்தா, கட்டடம் ஏறுகிறது” என்றான். தொட்டி விளிம்பில் ஒரு துளி நீர்கூடச் சிந்தவில்லை. எதிரே மற்றத் தொட்டி எங்களைக் கடந்து மேலே போனது. ஆயிரம் டன் பொருள் முகத்துக்கு நேரே சத்தமில்லாமல் கடந்து போவதைப் பார்க்கும்போது வயிற்றில் ஏதோ செய்தது, ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு மூன்றாம் லிஃப்டின் இயந்திர அறை. டர்பைனும் பம்பும் வரிசையாக. எண்ணெயின் வாசம், ஈர இரும்பின் வாசம். கண்ணுக்குப் பட்ட இணைப்பு ஒன்றில் சொட்டுச் சொட்டாக நீர் ஒழுகியதைப் பார்த்தபோதுதான் எனக்கு இயந்திரம் உயிரோடிருக்கிறது என்று நம்பிக்கை வந்தது. ஒழுகாத கிளாண்டு என்று ஒன்று உலகத்தில் இல்லை. வழிகாட்டியிடம் சந்தேகம் சந்தேகமாகக் கேட்டேன், மகள் பிரெஞ்சில் கேட்டுச் சொல்லி அலுத்துப்போனாள். கடைசிக் கேள்வியை அவள் மொழிபெயர்க்கவே இல்லை என்று நினைக்கிறேன். வழிகாட்டி பதிலுக்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஏப்ரல் 13

படம் போட்ட நண்பருக்கு: நீங்கள் போட்டது அந்த லிஃப்ட்கள் அல்ல. சரிவில் தண்டவாளமும் உச்சியில் உயர்ந்த கோபுரமும் தெரிகிறதல்லவா, அது ரோங்கியேர். பிரஸ்ஸல்ஸ்–ஷார்லெருவா கால்வாயில் 1968இல் திறந்த சாய்தளம். அங்கே தொட்டி 236 சக்கரங்களில் உருண்டு, 1432 மீட்டர் நீளச் சரிவில் 67.73 மீட்டர் ஏறுகிறது. மின் மோட்டாரும் வடமும் இழுக்கின்றன. இதே பகுதி, இதே உயரப் பிரச்சினை, வேறொரு தலைமுறையின் விடை. தூக்குவதற்குப் பதில் இழுத்தார்கள்.

எனக்கு அது பிடிக்காது. காரணம் கேட்காதீர்கள். கேட்டால் 236 சக்கரத்துக்கும் பேரிங் மாற்றும் ஆளின் நிலையிலிருந்து பேசுகிறேன் என்பேன்.

ஏப்ரல் 15

யார் கட்டினார்கள் என்ற கேள்விக்கு. மூல வடிவமைப்பு இங்கிலாந்துப் பொறியாளர் எட்வின் கிளார்க்குடையது. பிரிட்டானியா குழாய்ப் பாலம் எழுந்தபோது ராபர்ட் ஸ்டீஃபன்சனின் கீழ் களத்தில் நின்றவர். ராட்சத இரும்புக் குழாய்களை நீரழுத்தத்தால் மேலே தூக்கிய வேலை அது. பிறகு அதே நீரழுத்தத்தால் கப்பலையே தூக்கிப் பழுதுபார்க்கும் துறை ஒன்றை லண்டனில் அமைத்தார். கப்பலைத் தூக்கியவருக்குப் படகு பெரிதா?

1875இல் இங்கிலாந்தின் செஷயரில் ஆண்டர்டன் லிஃப்ட் வந்தது. ஏற்றம் 15 மீட்டர். அதுதான் மாதிரி. அடுத்து பிரான்ஸில் ஃபோந்தினெத், பெல்ஜியத்தில் லா லூவியேர், இரண்டும் 1888. பெல்ஜியத்துக்கு இரும்பு வேலை செய்தது செரென் ஊரின் காக்கரில் நிறுவனம்.

இங்கே பட்டறைக்காரன் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1882இல் ஆண்டர்டனில் ஒரு சிலிண்டர் வெடித்தது. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. உள்ளிருந்து நீர் தள்ளும்போது சிலிண்டர் சுவரில் வருவது இழுவை. லா லூவியேரில் கணக்கு இன்னும் கடுமை: ஆயிரம் டன்னை 3.14 சதுர மீட்டரால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 300 டன்னுக்கு மேல், அதாவது காற்றழுத்தத்தைப் போல முப்பது மடங்குக்கும் கூடுதல். ஆகவே வார்ப்பிரும்புச் சிலிண்டருக்கு மேல் எஃகு வளையங்களை இறுக்கிப் பூட்டினார்கள். இழுவையை வளையம் ஏற்றுக்கொள்ளும்.

ஆண்டர்டனுக்கு இன்னொரு வினை வந்தது. செஷயர் உப்பு நாடு. கால்வாய் நீர் பிஸ்டனை அரித்துத் தின்றது. 1908இல் பிஸ்டனைக் கைவிட்டு மின் மோட்டார், எதிர் எடைகள் என்று மாறினார்கள். 1983இல் மூடி, 2002இல் மறுபடி ஹைட்ராலிக் முறையில் திறந்தார்கள், இந்த முறை நீருக்குப் பதில் எண்ணெய். ஃபோந்தினெத் 1967இல் நின்றுவிட்டது, இப்போது ஓடவில்லை. லா லூவியேரின் நான்கும்தான் அசல் அமைப்போடு நிற்கின்றன. 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது சும்மா இல்லை.

ஏப்ரல் 16

முதல் லிஃப்டை 1888 ஜூன் 4 அன்று இரண்டாம் லியோபோல்ட் மன்னர் திறந்துவைத்தார் என்பதைப் பிடித்துக்கொண்டு, “காங்கோவின் ரத்தத்தில் கட்டியது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோபம் நியாயம், காலம் பொருந்தவில்லை. 1888இல், ஆப்பிரிக்காவில் அவர் சொந்த உடைமையாக வைத்திருந்த காங்கோ அந்த மனிதருக்குப் பணம் தரவில்லை, பணத்தைத் தின்றுகொண்டிருந்தது. ரப்பர் வருமானமும் அதன் கொடூரமும் 1890களில்தான் உச்சம் ஏறின. அந்தப் பணம் நின்று பேசும் இடம் பிரஸ்ஸல்ஸின் வெற்றி வளைவு போன்றவை. இந்தக் கால்வாயின் பின்னணி உள்ளூர் நிலக்கரி. அதற்கும் ரத்தக் கணக்கு உண்டு, அது வேறு ஆட்களின் ரத்தம். பிறகு எழுதுகிறேன்.

ஏப்ரல் 20

ஏப்ரல் 7 அன்று நான் எழுதிய 75 டன் கணக்குக்குத் திரும்ப வேண்டும். அது படகு இல்லாமலோ, ஏறுவதும் இறங்குவதும் ஒரே எடையாகவோ இருந்தால் பொருந்தும். ஆனால் சரக்கு ஒரு திசையில் போய், படகு காலியாகத் திரும்பினால்?

300 டன் நிலக்கரியோடு ஒரு படகு இறங்குகிறது. எதிரே அதே அளவுக் காலிப் படகு ஏறுகிறது. இறங்கும் தொட்டியின் மொத்த எடை, ஏறும் தொட்டியைவிட 75 டன் அதிகம். ஆனால் இறங்கும் தொட்டியின் எடையில் 300 டன் நிலக்கரி. ஏறும் தொட்டியில் அந்த 300 டன்னுக்குப் பதிலாக நீர் இருக்கிறது. கூட்டிக் கழித்தால் 225 டன் நீர் கீழிருந்து மேலே போய்ச் சேருகிறது!

நிலக்கரி இறங்கினால் நீர் ஏறுகிறது. உச்சிக் குளத்துக்கு நீர் செலவாவதற்குப் பதில் வரவாகிறது. நிலக்கரியை எரிக்கவே இல்லை, அது இறங்கினாலே போதும், பம்பு வேலை செய்துவிடுகிறது. மறுதிசையில் பாரம் ஏறினால் 75 உடன் 300 சேர்ந்து 375 டன் நீர் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டணம் வசூலிப்பவனாக நான் இருந்தால் ஏறும் பாரத்துக்கு இரட்டிப்பாகக் கேட்டிருப்பேன்.

ஏப்ரல் 21

கேள்வியைத் தொடங்கிய தம்பி: “ஐயா, லாக்கிலும் இதே படகு இதே அளவு நீரைத்தானே இடம்பெயர்க்கும்? லிஃப்டுக்கு மட்டும் என்ன சிறப்பு?”

நல்ல கேள்வி. லாக்கிலும் அதே 300 டன் கழியும். ஆனால் 830இல் 300 கழித்தால் 530 டன் இன்னும் நட்டம். 75இல் 300 கழித்தால்தான் லாபம். சிறப்பு அந்த 75இல் இருக்கிறது. நீங்கள் இயற்பியல் படித்தவர் என்பதை இப்போது நம்புகிறேன்.

ஏப்ரல் 27

புதிய லிஃப்டைப் பற்றிப் பேசாமல் தப்பிக்கலாம் என்று பார்த்தேன், விடமாட்டேன் என்கிறீர்கள்.

முதலில் ஒரு தேதி. முதல் லிஃப்ட் 1888. மற்ற மூன்றும் முடிந்து கால்வாய் முழுவதும் படகு போனது 1917, அதுவும் முதல் உலகப்போரில் ஜெர்மானியர் பிடியில் நாடு இருந்தபோது. 29 வருடம். நம் ஊர் மேம்பாலங்களைத் திட்டும்போது இதை நினைத்துக்கொள்கிறேன். அத்தனை தாமதமாக வந்த கால்வாய் 300 டன் படகுக்கானது. சில பத்தாண்டுகளில் ஐரோப்பா 1350 டன் படகை அளவுகோலாக்கிவிட்டது. பழைய தொட்டியை நீட்டவும் முடியாது, அகலப்படுத்தவும் முடியாது. அதனால் தொடாமல் விட்டார்கள். கொஞ்சம் பெரிதாகக் கட்டியிருந்தால் இடித்து மாற்றிக்கொண்டே போயிருப்பார்கள், பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது என்பது என் எண்ணம்.

பக்கத்திலேயே புதிய கால்வாய். அதில் ஸ்ட்ரேபி-தியூ. 1982இல் வேலை தொடங்கி 2002இல் திறந்தார்கள். நான்கு லிஃப்டும் அதன் கீழே உள்ள லாக்குகளில் சிலவும் செய்த வேலையை ஒரே தூக்கில் செய்கிறது: 73.15 மீட்டர். 2016இல் சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையில் 113 மீட்டர் கப்பல் லிஃப்ட் வரும்வரை உலகிலேயே உயரமானது. பிஸ்டன் கிடையாது. எதிர் எடையும் எஃகு வடமும் மின் மோட்டாரும். ஒவ்வொரு தொட்டிக்கும் 112 தாங்கு வடங்கள், 32 கட்டுப்பாட்டு வடங்கள். இரண்டு தொட்டியும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியாகப் போகலாம், அது பெரிய வசதி.

கட்டும்போதே திட்டு. வடக்கே ஃபிளெமிஷ் பகுதிக்கு ஒரு துறைமுகம் என்றால் தெற்கே வலூன் பகுதிக்கு ஒரு கட்டுமானம் என்று பங்கு பிரித்த அரசியலின் குழந்தை என்றார்கள். பெரிய வீண் செலவு என்றார்கள். 100 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கும் கான்கிரீட் பெட்டியைத் தியூ கிராமத்தின் ஓட்டு வீடுகளுக்கு மேலே பார்த்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். அழகு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

அதன் மேல்தளத்தில் நின்று பார்த்த பிறகு கொஞ்சம் இளகினேன். கீழே நீண்ட படகு ஒன்று வந்தது. தளத்தில் ஒரு கார், கொடியில் துணி, பின்னால் சமையலறை சன்னல். குடும்பமே அதில்தான். 300 டன்னோடு நான்கு லிஃப்டில் ஏறி இறங்கி அந்தக் குடும்பம் இன்றைக்குப் பிழைக்க முடியாது. லாரி தின்றுவிட்டிருக்கும். திறந்த பிறகு சரக்குப் போக்குவரத்து பல மடங்கு உயர்ந்தது என்பதும் உண்மை. பெட்டி அசிங்கமாக இருந்தாலும் சம்பாதிக்கிறது. பழையதை நாம் ரசிப்பதற்கு, அது சம்பாதிக்க வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணம்.

ஏப்ரல் 28

மேலே எழுதியதைக் காலையில் படித்தேன். “இளகினேன்” என்றது அதிகப்படி. எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அவ்வளவு வடத்தையும் ஆய்வு செய்து, கிரீஸ் போட்டு, தேய்ந்ததை மாற்றி... பிஸ்டன் என்றால் ஒன்று. ஒன்றைப் பார்த்துக்கொள்வது எளிது. போனால் ஒரேயடியாகப் போகும் என்பது அதன் குறை.

மே 3

“போனால் ஒரேயடியாக” என்றதற்கு உதாரணம் கேட்டிருக்கிறார்கள். 2002 ஜனவரி. புதிய லிஃப்ட் திறக்க இன்னும் சில மாதங்கள் இருந்தன, சரக்குப் படகுகள் பழைய வழியில்தான் போய்க்கொண்டிருந்தன. முதல் லிஃப்டில் படகு ஒன்று தொட்டியை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கையில் தொட்டி மேலே கிளம்பிவிட்டது. படகு பாதி தொட்டியிலும் பாதி கால்வாயிலுமாகச் சிக்கியது. அந்த லிஃப்ட் பல வருடம் முடங்கிக் கிடந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் மூன்று பத்திப் புகழ்ச்சியைப் படித்துவிட்டு இது தவறே செய்யாத இயந்திரம் என்று யாரும் நினைக்கக் கூடாது. கதவு திறந்திருக்கும்போது தொட்டியைப் பிடித்து வைப்பது தனி வேலை. தராசுக்கு அது தெரியாது, எடை மாறினால் அது நகரும்.

பட்டறையில் ஒரு முறை பாதுகாப்புப் பூட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பிரஸ் ஓட்டியவரைப் பார்த்திருக்கிறேன். விரல் தப்பியது. அதற்கப்புறம் அவர் எங்களைவிடக் கடுமையாகப் பூட்டுப் போடச் சொல்லுவார்.

மே 4

டொரொண்டோவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: “பீட்டர்பரோவில் எங்கள் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலா போன இடம் இதுவேதான், அங்கேயும் ஓர் அடி நீர்தான் கூட விடுகிறார்கள்.”

ஆமாம், பீட்டர்பரோ படகு லிஃப்டும் அதே குடும்பம். 1904இல் திறந்தது, ஏற்றம் 19.8 மீட்டர். அதைத் திட்டமிட்ட ரிச்சர்ட் பேர்ட்சால் ராஜர்ஸ் கனடாவிலிருந்து வந்து ஆண்டர்டனையும் ஃபோந்தினெத்தையும் லா லூவியேரையும் பார்த்துவிட்டுப் போனவர். இரும்புக் கோபுரத்துக்குப் பதில் கான்கிரீட்டில் கட்டினார்.

சகோதரிக்கு நன்றி, என் ஏப்ரல் 9 கணக்கைச் சோதிக்க ஓர் இடம் கிடைத்தது. அங்கே தொட்டி 140 அடி நீளம், 33 அடி அகலம். ஓர் அடி நீர் என்றால் ஏறத்தாழ 130 டன். பிஸ்டன் விட்டம் 7.5 அடி, பரப்பு 4.1 சதுர மீட்டர். 19.8 மீட்டரோடு பெருக்கினால் 81 டன். 130 கையில் இருக்கிறது, 81 தேவை, மிச்சம் 49. பொருந்துகிறது. தொட்டி பெரிது, பிஸ்டன் பெரிது, உராய்வும் பெரிது, மிச்சமும் பெரிதாக வைத்திருக்கிறார்கள். இன்று இரவு தூங்குவேன்.

மே 11

ரத்தக் கணக்கு என்று சொல்லி நிறுத்தியிருந்தேன்.

கால்வாய்க் கரையில், லிஃப்ட்களுக்கு நடுவே, வரிசையாகத் தாழ்வான குடியிருப்புகள் இருக்கின்றன. இத்தாலியர் கேண்டீன் என்று பெயர். இப்போது சுற்றுலாப் படகு நிற்கும் இடம், சாப்பாடும் கிடைக்கும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பெல்ஜியத்தின் சுரங்கத்தில் இறங்க உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை. 1946 ஜூனில் இத்தாலியோடு ஓர் ஒப்பந்தம்: 50,000 தொழிலாளர்களை அவர்கள் அனுப்ப வேண்டும், பதிலுக்கு இத்தாலிக்கு நிலக்கரி. ஆளுக்கு இத்தனை கரி என்ற பேரம். வந்தவர்களைத் தங்கவைத்த இடங்களில் ஒன்று இது.

பத்து வருடம் கழித்து, 1956 ஆகஸ்ட் 8 அன்று, ஷார்லெருவாவுக்குப் பக்கத்தில் மார்சினெல் சுரங்கத்தில் தீ. 262 பேர் இறந்தார்கள். 136 பேர் இத்தாலியர்.

நான் அங்கே காபி குடித்தேன். சுவரில் பழைய படங்கள்: இரும்புக் கட்டில், தகரப் பெட்டி, வரிசையில் நிற்கும் இளைஞர்கள். வளைகுடாவுக்குப் போன என் தம்பி முதல் மாதம் அனுப்பிய படமும் அப்படித்தான் இருந்தது. மருமகன் அங்குதான் முதல்முறையாக என்னிடம் கேள்வி கேட்டார். இயந்திரத்தைப் பற்றி இல்லை, தம்பியைப் பற்றி. மழை நின்ற பிறகும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

300 டன் படகில் இறங்கிய நிலக்கரியைத் தராசின் ஒரு தட்டாக மட்டும் எழுதிவிட்டோமே என்று பிறகு தோன்றியது. ஏப்ரல் 20 கணக்கை அழிக்கவில்லை. கணக்கு சரிதான்.

மே 12

“கேண்டீனில் சாப்பாடு எப்படி?” உருளைக்கிழங்கு வறுவல். நன்றாக இருந்தது. பெல்ஜியத்தில் அது கெட்டுப்போக வழியில்லை.

மே 18

ஜூனில் போகிறேன் என்று எழுதிய தம்பிக்கு (கேள்வி கேட்டவரேதான், கதை என்றவர்). பிரஸ்ஸல்ஸிலிருந்து லா லூவியேருக்கு ரயில் இருக்கிறது. சுற்றுலாப் படகு குளிர்காலத்தில் ஓடாது, ஜூன் பொருத்தம்தான். ஆனாலும் புறப்படும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சைக்கிள் வாடகைக்குக் கிடைத்தால் கரைப் பாதையில் போவது மேல், 7 கிலோமீட்டர்தான், இறக்கம் லிஃப்ட் இருக்கும் இடங்களில் மட்டும். மேலிருந்து கீழே போங்கள். முதல் லிஃப்ட் 15.4 மீட்டர், மற்ற மூன்றும் 16.93. முதலாவதையும் மற்றவற்றையும் ஒப்பிட்டால் உயரம் தவிரச் சின்னச் சின்ன வேறுபாடுகள் தெரியும். இடையில் கால் நூற்றாண்டு போயிருக்கிறதே.

படகில் ஏறினால் தொட்டியின் ஓரமாக உட்காருங்கள், புறப்பட்ட நேரத்திலிருந்து கைபேசியில் படம் பிடியுங்கள், பக்கத்துத் தூணும் அதில் தெரிய வேண்டும். தூணில் உள்ள ஆணி வரிசையை வைத்து வேகத்தை அளக்கலாம். என் கணக்குப்படி தொடக்கத்தில் தள்ளும் விசை அதிகம், முடிவில் குறைவு. வால்வுக்காரர் அதை எவ்வளவு சமப்படுத்துகிறார் என்று பார்க்க வேண்டும். படத்தை இங்கே போடுங்கள், நான் அளந்து சொல்கிறேன்.